புகைமணக்கும் முதல் சிங்கிள் மால்ட்: ஐலாத் தீவின் ஐந்து பாட்டில்களில் எதை வாங்குவது?

கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் போன்ற, ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் வட்டாரத்தின் புகைமணமற்ற விஸ்கிகளைச் சில காலம் அருந்திப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் புகைமணம் கொண்ட விஸ்கியின் பக்கம் திரும்புவது வழக்கம். அப்போது அவர்கள் பார்வை பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலாத் தீவின் பாட்டில்களில் வந்து நிற்கும். ஏறத்தாழ 3,000 பேர் மட்டுமே வசிக்கும் அந்தச் சிறு தீவிலிருந்து வரும் சிங்கிள் மால்ட்களில், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கிகளில், லஃப்ராய்க் 10, ஆர்ட்பெக் 10, லாகவூலின் 16, கல் ஈலா 12, பொமோர் 12 ஆகிய ஐந்தும் (எண், பீப்பாயில் முதிர்ந்த ஆண்டுகளைக் குறிக்கும்) பல நாடுகளின் கடைகளில் எளிதில் கிடைப்பவை. ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால் இந்த ஐந்தில் எதை வாங்குவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் புள்ளி போடும்போது முதலிடம் பெறும் விஸ்கியையே வாங்கிவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். புகைமண விஸ்கியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் வாங்குபவரைப் பெரும்பாலும் தவறான பாட்டிலிடம் கொண்டுபோய் விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பீட்டுக்கு வராதவற்றைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புன்னஹாவன் 12, புருக்லாடியின் கிளாசிக் லாடி ஆகிய இரண்டும் ஐலாவில் வடிக்கப்பட்டாலும் புகையூட்டாத பார்லியிலிருந்து வருபவை; அவை நல்ல விஸ்கிகள், ஆனால் இக்கேள்விக்கு உரியவை அல்ல. 2005-இல் தொடங்கிய கில்ஹோமன் வடிசாலையின் மாக்கிர் பே எனக்கு மிகவும் பிடித்தமானது என்றாலும், மற்ற ஐந்தைப் போல வயது குறிப்பிட்ட பாட்டில் அல்ல என்பதால் விலக்கினேன். ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10, ஐலாவைச் சேர்ந்ததன்று. பெங்களூரின் அம்ருத்தும் கோவாவின் பால் ஜானும் புகைமணம் கொண்ட சிங்கிள் மால்ட்களை வெளியிடுகின்றன. ஆனால் வெப்ப நாட்டில் பீப்பாய்க்குள் விஸ்கி முதிரும் வேகமே வேறு என்பதால், அவற்றைத் தனியாக ஒப்பிடுவதுதான் அவற்றுக்குச் செய்யும் நியாயம்.

விஸ்கிக்குள் புகை எப்படி வருகிறது என்பது தெரியாமல் இந்த ஐந்தையும் ஒப்பிடுவது கடினம். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிப் படிந்த அடுக்குக்குப் பீட் என்று பெயர். மரங்கள் அரிதான ஐலாவில் வெட்டிக் காயவைத்த பீட்தான் நெடுங்காலம் அடுப்பெரிக்கப் பயன்பட்டது. முளைகட்டிய பார்லி ஈரமாக இருக்கும்போதே பீட்டை எரித்து அந்தப் புகையில் உலர்த்தினால், ஃபீனால், கிரெசால், குவாயகால் முதலிய சேர்மங்கள் தானியத்தின் மேல் படிகின்றன. அவற்றின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் பிபிஎம் என்று குறிப்பிடுகிறார்கள். பொமோருக்கு ஏறத்தாழ 25, லாகவூலினுக்கும் கல் ஈலாவுக்கும் 35 அளவில், லஃப்ராய்க்குக்கு 40-க்கு மேல், ஆர்ட்பெக்குக்கு 55 அளவில் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடைகளிலும் விளம்பரங்களிலும் இந்த எண்ணையே காரத்தின் அளவுகோல் போல முன்வைப்பதால், புதிதாக வாங்குபவர்கள் எண் கூடக் கூடப் புகையும் கூடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த எண் அளக்கப்படுவது பார்லியில். பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, நொதிக்கவைத்து, இருமுறை வடித்த பிறகு அந்தச் சேர்மங்களில் பெரும்பகுதி விடைபெற்றுவிடுகிறது. எஞ்சியதும் பீப்பாய்க்குள் ஆண்டுதோறும் தணிகிறது. எனவே ஒரே எண் கொண்ட இரு பார்லிகள் முற்றிலும் வேறான இரு விஸ்கிகளைத் தரக்கூடும். இதற்கு ஐலாவிலேயே மிகத் தெளிவான சான்று உண்டு. லாகவூலின், கல் ஈலா ஆகிய இரு வடிசாலைகளும் டியாஜியோ நிறுவனத்துக்குச் சொந்தமானவை. இரண்டுக்கும் போர்ட் எலன் ஊரில் 1973-இல் கட்டப்பட்ட, பார்லியை முளைகட்டி உலர்த்தும் பெரிய ஆலையிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு புகையூட்டப்பட்ட பார்லி வருகிறது. அப்படியிருந்தும், ஒன்றை அடையாளம் கண்டுகொண்டவர் மற்றதை அதுவென்று தவறாகச் சொல்லவே மாட்டார்.

வேறுபாடு வடிகலனில் பிறக்கிறது. கல் ஈலாவின் செப்பு வடிகலன்கள் உயரமும் பருமனும் மிக்கவை. அவற்றை வாய்வரை நிரப்பாமல் மேலே காலியிடம் விட்டு வடிக்கிறார்கள். ஆவி மேலெழும்போது கனமான பகுதிகள் செப்புச் சுவரில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் கீழே வழிந்துவிடுகின்றன. இலேசானவை மட்டுமே கழுத்தைத் தாண்டுகின்றன. லாகவூலினின் வடிகலன்கள் பேரிக்காய் வடிவில் தாழ்வாக அமைந்தவை. அவற்றை ஏறத்தாழ நிறைத்து, அவசரமின்றி மெதுவாக வடிக்கிறார்கள். எண்ணெய்ப் பசையும் கனமும் உள்ள சேர்மங்கள் அங்கே தப்பித்து வெளியே வந்துவிடுகின்றன. அதன்மேல் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளும் மற்றது பதினாறு ஆண்டுகளும் பீப்பாயில் கிடக்கின்றன. இவ்விரு விஸ்கிகளையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து முகர்ந்து பார்த்தவருக்கு பிபிஎம் எண்ணின் மீது இருந்த மயக்கம் அன்றே தெளிந்துவிடும்.

லஃப்ராய்க்கில் நடப்பது வேறு வகை. வடிப்பில் முதலில் வருவது பழமணம் மிக்க பகுதி. புகையின் சேர்மங்கள் பின்னால்தான் வரும். வடிப்பவர் இடையில் எந்தப் பகுதியைப் பீப்பாய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்பதே விஸ்கியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. லஃப்ராய்க்கில் முன்பகுதியை வெகுநேரம் ஒதுக்கிவிட்டுத் தாமதமாக எடுக்கத் தொடங்குகிறார்கள். பின்னாலும் வெகுதூரம் போகிறார்கள். ஆகவே பார்லியில் ஆர்ட்பெக்கை விடக் குறைந்த எண் கொண்டிருந்தும், மருந்து வாடையில் லஃப்ராய்க் அதை மிஞ்சிவிடுகிறது. ஆர்ட்பெக்கிலோ இரண்டாம் வடிப்புக் கலனின் மேலுள்ள ஆவிக்குழாயில் சுத்திகரிப்பான் என்ற ஒரு சிறு செப்புக்கலம் பொருத்தப்பட்டிருக்கிறது. கனமான ஆவியை அது பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவதால், ஐந்திலும் அதிகப் புகையூட்டிய பார்லியைப் பயன்படுத்தும் அந்த விஸ்கியில் ஒரு பழத்தன்மையும் கூர்மையும் தங்கிவிடுகின்றன.

இனிப் புள்ளி போடுவதைப் பற்றி. விஸ்கி விமர்சகர்கள் பெரும்பாலும் நூற்றுக்கு மதிப்பிடுகிறார்கள். மணம், சுவை, பின்சுவை, சமநிலை ஆகிய நான்குக்கும் தலா 25 என்று பிரிப்பது அதில் ஒரு முறை. நடைமுறையில் 75-க்கும் 95-க்கும் இடைப்பட்ட பகுதியே பயன்படுவதால், 86 பெற்ற விஸ்கிக்கும் 89 பெற்றதற்கும் உள்ள இடைவெளி வாசிப்பவர் நினைப்பதை விடப் பெரியது. அதே சமயம், அதே மனிதர் வேறொரு நாள் சுவைத்தால் அந்த இடைவெளி மறைந்துவிடவும் கூடும். புகைமணம் இல்லாத விஸ்கிகளுக்கு இந்த முறை ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. புகை வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. ஃபீனால்கள் மூக்கை விரைவில் மரத்துப்போகச் செய்கின்றன. ஒரு லஃப்ராய்க்குக்குப் பிறகு அருந்தும் பொமோரில் புகையே இல்லை என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து கிண்ணங்களை வரிசையாக வைத்தால், எது உரத்துப் பேசுகிறதோ அதுவே நினைவில் நிற்கும். மேலும், சுவைப்பில் ஒவ்வொன்றிலும் சில மில்லிலிட்டர்தான் நாக்கில் படுகிறது. வாங்கியவரோ 700 மில்லிலிட்டரையும் பல மாதங்களில் அருந்தி முடிக்க வேண்டியிருக்கிறது. முதல் வாயில் திகைக்க வைக்கும் விஸ்கி, பாட்டில் பாதியாகும்போது களைப்பைத் தருவது அரிதன்று.

இக்காரணங்களால் நான் ஒவ்வொன்றையும் இருமுறை மதிப்பிடும் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். பாட்டிலைத் திறந்த சில நாட்களுக்குள், பெயர் மறைத்து, ஒரு மாலைக்கு மூன்றுக்கு மேல் போகாமல், புகை குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிச் சுவைப்பது ஒன்று. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போது, அதை மட்டும் தனியாக ஒரு மாலை முழுதும் வைத்துக்கொண்டு மீண்டும் புள்ளி போடுவது மற்றொன்று. கிளென்கெய்ர்ன் போன்ற, அடி அகன்று வாய் குறுகிய கிண்ணம் வேண்டும். அகன்ற வாய் டம்ளரில் மணம் சேராமல் கலைந்துவிடும். இருபது மில்லிலிட்டர் போதும். ஊற்றியதும் பத்து நிமிடம் விட்டுவிட்டு, கிண்ணத்தை மோவாய்க்கு அருகில் பிடித்து, வாயைச் சிறிது திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹாலின் காட்டம் மூக்கைக் குத்தாது. ஐஸ் போட்டால் குளிரில் மணம் ஒடுங்கிவிடும் என்பதால் மதிப்பிடும்போது அதற்கு இடமில்லை.

தண்ணீர் சேர்ப்பது பற்றிய வாதம் தீராத ஒன்று. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு கணினிவழி ஆய்வு இதில் பயனுள்ள ஒரு விளக்கத்தைத் தருகிறது. புகைமணத்தின் முக்கியச் சேர்மமான குவாயகால், ஆல்கஹால் அளவு 59 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது ஆல்கஹால் மூலக்கூறுகளால் சூழப்பட்டுத் திரவத்தின் உள்ளே தங்கிவிடுகிறது. 45 விழுக்காடும் அதற்குக் கீழும் வரும்போது அது மேற்பரப்புக்கு வருகிறது. அந்த ஆய்வு தண்ணீர், எத்தனால், குவாயகால் என்ற மூன்றை மட்டுமே கணக்கில் கொண்டது. உண்மையான விஸ்கியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. ஆயினும் என் அனுபவம் அதனோடு ஒத்துப்போகிறது. 46 விழுக்காடு உள்ள ஆர்ட்பெக்கில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டால் மணம் சட்டென்று விரிகிறது. 40 விழுக்காட்டில் வரும் லஃப்ராய்க்கில் அதே அளவு தண்ணீர் சுவையை நீர்த்துப்போகச் செய்வதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை.

லஃப்ராய்க் 10-இலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் புகைமண விஸ்கி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது அதுதான். 1815-இல் தொடங்கிய வடிசாலை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்காட்லாந்து வடிசாலைகளைப் போலத் தன் பார்லியில் ஒரு பகுதியை இன்றும் தன் தளத்திலேயே பரப்பி முளைகட்டுகிறது. 1954 முதல் 1972 வரை பெஸ்ஸி வில்லியம்சன் என்ற பெண்மணி இதை நடத்தினார். 1934-இல் கோடைக்காலத் தட்டச்சு வேலைக்கு வந்தவர், உரிமையாளர் இறந்தபோது அவருடைய விருப்பப்படி வடிசாலைக்கே உரிமையாளரானார். கிண்ணத்தில் முதலில் எழுவது டிஞ்சர் அயோடின் வாடை. அதன் பின்னே கடற்பாசியும், ஈரக் கட்டுத்துணியும், நனைந்து அணைந்த அடுப்பின் சாம்பலும். முன்பு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் தந்த வெண்ணிலா இனிப்பு அடியில் இருக்கிறது, ஆனால் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலியான கிண்ணத்தைக் கழுவாமல் வைத்துவிட்டால் மறுநாள் காலையிலும் அதில் சாம்பல் மணக்கும். முதல் சுவைப்பில் 86 கொடுத்தேன். இறுதிப் பங்கில் 83-க்கு இறங்கியது. அயோடினின் கூர்மை மழுங்கியபோது, 40 விழுக்காட்டின் மெலிவு வெளிப்பட்டது. இதே விஸ்கியை அமெரிக்கச் சந்தைக்கு 43 விழுக்காட்டில் தருகிறார்கள். அது கிடைக்குமிடத்தில் இருப்பவர்கள் என் புள்ளிகளைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். இதை விரும்புபவர்கள் உயிராக விரும்புகிறார்கள், வெறுப்பவர்கள் இரண்டாவது வாய் வைப்பதில்லை. முதல் புகைப் பாட்டிலுக்கு அத்தகைய பந்தயம் தேவையில்லை.

பொமோர் 12 மறு முனையில் நிற்கிறது. 1779 என்ற ஆண்டைப் பெருமையுடன் தாங்கும், ஐலாவின் மிகப் பழைய வடிசாலை அது. லஃப்ராய்க்கின் உரிமையாளரே இதற்கும் உரிமையாளர். புகை மெலிது, எலுமிச்சைத் தோலும் தேனும் முன்னால் வருகின்றன, ஷெர்ரி என்ற ஸ்பானியத் திராட்சை மது இருந்த பீப்பாயின் உலர்திராட்சை இனிப்பு சிறிது உண்டு. குறையென்று எதையும் சுட்ட முடியாத விஸ்கி. ஆனால் இதுவும் 40 விழுக்காட்டில், குளிரவைத்து வடிகட்டி, நிறமேற்றி வருவதால், நாக்கில் நின்று பேசுவதற்குள் நழுவிவிடுகிறது. இரண்டு முறையும் 81. புகை பிடிக்குமா என்றே ஐயமுள்ளவர், பாரில் ஒரு பெக் வாங்கித் தன்னைச் சோதித்துக்கொள்ள இது மிகப் பொருத்தம். ஆனால் முழுப் பாட்டிலாக வாங்கினால், புகையில் ஆர்வம் பிறந்த அதே வாரத்தில் இதைவிடத் திடமானதை நாக்கு கேட்கத் தொடங்கிவிடும்.

குளிர்வடிகட்டல், நிறமேற்றல் ஆகிய இரண்டையும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். விஸ்கியைக் குளிர்வித்து வடிகட்டினால், குளிரிலோ தண்ணீர் கலக்கும்போதோ கலங்கலை உண்டாக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள் நீங்கிவிடுகின்றன. பார்வைக்குத் தெளிவாக இருக்கும், ஆனால் வாயில் படரும் எண்ணெய்ப் பதத்தில் ஒரு பகுதியும் அவற்றோடு போய்விடுகிறது. 46 விழுக்காட்டுக்கு மேல் கலங்கல் பெரிதாக எழாது என்பதால் அந்த அளவில் வரும் விஸ்கிகளுக்கு இது தேவைப்படுவதில்லை. நிறத்தைப் பொறுத்தவரை, கேரமல் நிறமி ஒன்றைச் சேர்க்க ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஜெர்மனியில் விற்கும் பாட்டில்களில் அதை லேபிளில் அறிவித்தாக வேண்டும். ஐந்து பாட்டில்களில் நிறமும் ஏற்றாமல், குளிர்வடிகட்டலும் செய்யாமல் வருவது ஆர்ட்பெக் 10 மட்டுமே. அடர்ந்த தாமிர நிறத்தைக் கண்டு முதிர்ச்சியை ஊகிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆர்ட்பெக்கின் வெளிறிய வைக்கோல் நிறம்தான் போர்பன் பீப்பாயில் பத்தாண்டுகள் கிடந்த விஸ்கியின் இயல்பான நிறம்.

அந்த ஆர்ட்பெக் 10-ஐப் பற்றி எழுதும்போது மகிழ்ச்சியை மறைக்க இயலவில்லை. 1980-களில் பெரும்பகுதி மூடப்பட்டுக் கிடந்து, 1996-இல் மீண்டும் மூடி, 1997-இல் கிளென்மோரஞ்சி நிறுவனம் வாங்கியதால் பிழைத்த வடிசாலை அது. தார் பூசிய படகின் மணம், எலுமிச்சை, மிளகு, வறுத்த காபிக்கொட்டை, இவை எல்லாவற்றுக்கும் இடையே வியப்பூட்டும் ஒரு பேரிக்காய் இனிப்பு என்று அடுக்கடுக்காக வருகிறது. பின்சுவை நீண்டது, கரிந்த மரத்தின் உலர்ந்த கசப்போடு முடிகிறது. இனிப்பும் சாம்பலும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் அந்தச் சமநிலைக்காகவே முதல் சுவைப்பில் 89 கொடுத்தேன். இறுதிப் பங்கில் புகை தணிந்து பழம் முன்வந்தபோதும் 88 என்று நின்றது. இதற்குள்ள ஒரே தடை, பழகாத நாக்குக்கு 46 விழுக்காட்டின் காட்டமும் புகையின் வலிமையும் ஒருசேர வருவதுதான். தண்ணீர் சேர்க்கத் தயங்காதவருக்கு அதுவும் தடையில்லை.

லாகவூலின் 16, பெயர் மறைத்த சுவைப்பில் ஏறத்தாழ எப்போதும் வெல்லும் விஸ்கி. எனக்கும் அது 90 பெற்றது. புகையோடு ஷெர்ரி பீப்பாயின் உலர்ந்த அத்தி, தோல், அடர்ந்த தேநீர் ஆகியவை சேர்ந்து, கனமாகவும் அமைதியாகவும் வாயை நிறைக்கின்றன. பதினாறு ஆண்டுகளில் மருந்து வாடை விலகி, கொழுந்துவிட்டு அடங்கிய விறகின் மணமாக மாறிவிடுகிறது. ஊற்றிய உடனே அருந்தினால் இதன் பாதியைத்தான் அறிய முடியும். கால் மணி நேரம் பொறுத்தால் முதலில் மூடியிருந்த ஆரஞ்சுத் தோலின் மணம் மெல்ல வெளிவரும். 1988-இல் கிளாசிக் மால்ட்ஸ் வரிசையில் சேர்க்கப்பட்டது முதல் இதன் புகழ் ஏறிக்கொண்டே போனது. விலையும் அதன் பின்னே ஏறியது. மற்ற நான்கை விடவும் இதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது, சில கடைகளில் லஃப்ராய்க்கின் விலையைப் போல் இரு மடங்கு வரை. இறுதிப் பங்கிலும் 89-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் இதையே வாங்கச் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். புகை தனக்குப் பிடிக்குமா என்று இன்னும் அறியாத ஒருவர் ஐந்திலும் விலை உயர்ந்ததை முதலில் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட முக்கியமாக, இதன் ஷெர்ரி இனிப்பும் முதிர்ச்சியும் புகையோடு பின்னிக் கிடப்பதால், எது பீட் தந்தது, எது பீப்பாய் தந்தது என்று புதியவரால் பிரித்தறிய முடிவதில்லை. மற்ற ஐலா விஸ்கிகளை அளக்கும் கோலாக இதை வைத்துக்கொண்டால் மற்றவை அனைத்தும் ஏதோ ஒன்றில் குறைந்தவையாகத் தெரியும். அது அவற்றின் குறையன்று.

கல் ஈலா 12-ஐக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. தீவின் வடகிழக்கில், ஜூரா தீவின் மலைகளை எதிரே பார்த்தபடி நிற்கும் இந்த வடிசாலை 1846-இல் தொடங்கி, 1970-களின் தொடக்கத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. ஐலாவில் அதிகமாக வடிப்பது இதுவே. அதில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற கலப்பு விஸ்கிகளுக்குப் போய்விடுகிறது. வழக்கமான பாட்டிலாக 12 ஆண்டு விஸ்கி கடைக்கு வந்தது 2002-இல்தான். முதல் சுவைப்பில் இதற்கு 86 தான் கொடுத்தேன். ஆர்ட்பெக்குக்கும் லாகவூலினுக்கும் நடுவில் வைத்தபோது இது பேசவே இல்லை. தனியாக ஒரு மாலை வைத்துக்கொண்டபோது காட்சி மாறியது. சுத்தமான மரப்புகை, எலுமிச்சைச் சாறு, வெட்டிய ஆப்பிள், லேசான உப்பு, ஆலிவ் எண்ணெயின் பதம், இவை ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகின்றன. 43 விழுக்காடு என்பதால் தண்ணீர் கலக்காமலும் அருந்தலாம், சில துளி சேர்த்தாலும் குலையாது. பாட்டில் குறையக் குறையப் புகை பின்வாங்கி, பார்லியின் இனிப்பு முன்னே வந்தது. இறுதிப் பங்கில் 88 கொடுத்தேன். ஐந்தில் இரண்டாம் முறை புள்ளி ஏறிய ஒரே விஸ்கி இது.

முதல் புகைப் பாட்டிலாக எதை வாங்குவது என்று கேட்பவருக்கு, ஆகவே, என் விடை கல் ஈலா 12. இதில் புகை மறைந்தும் இல்லை, பிறவற்றை மறைக்கவும் இல்லை. ஸ்பேசைட் விஸ்கிகளில் பழம், தேன், பார்லி ஆகியவற்றைத் தேடிப் பழகிய மூக்கு, தனக்குத் தெரிந்த அடையாளங்களைப் பற்றிக்கொண்டே புதியதைக் கற்க முடிகிறது. உணவோடு சேர்த்து அருந்துபவர்களுக்கும் இதுவே உகந்தது; உப்பும் எண்ணெயும் உள்ள மீன் வகைகளோடு இது இணங்குவது போல லாகவூலினின் ஷெர்ரி இனிப்பு இணங்குவதில்லை.

இந்த விடை எல்லோருக்கும் பொருந்தாது. டாலிஸ்கர் போன்ற ஒன்றை ஏற்கெனவே அருந்தி, புகை தனக்குப் பிடிக்கும் என்று உறுதியாக அறிந்தவர் கல் ஈலாவைத் தாண்டி நேராக ஆர்ட்பெக் 10-க்குப் போகலாம். கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் தரம் என்று கணக்கிட்டால், ஐந்தில் அதற்கு நிகராக எதையும் என்னால் சொல்ல இயலவில்லை. பரிசாகக் கொடுப்பதற்கு, பெறுபவர் விஸ்கியை நிதானமாக அருந்துபவர் என்று தெரிந்தால், லாகவூலின் 16. லஃப்ராய்க்கின் அயோடின் வாடை ஏற்கெனவே ஒரு பாரில் தன்னை ஈர்த்தது என்று சொல்பவர், வழக்கமான பத்தாண்டு பாட்டிலை விட்டுவிட்டு, அதே வடிசாலை 48 விழுக்காட்டில் தரும் குவார்ட்டர் காஸ்க்கை வாங்குவது நல்லது. சிறிய பீப்பாயில் இறுதிக்காலம் முதிர்ந்ததால் இனிப்பும் திடமும் கூடுதலாக இருக்கின்றன. பொமோர் 12-ஐப் பாட்டிலாக வாங்கப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வாங்குவதற்கு முன் ஓர் ஏற்பாடு செய்துகொள்ள முடியுமானால் நல்லது. இவற்றில் சில 50 மில்லிலிட்டர் சிறு பாட்டில்களாகவும் விற்கப்படுகின்றன. நல்ல பார்களில் ஒரு பெக் அளவிலும் கிடைக்கும். கல் ஈலாவையும் ஆர்ட்பெக்கையும் அப்படி வாங்கி, ஒரே மாலையில் அடுத்தடுத்து வைக்காமல், இடையில் ஒரு வாரமாவது விட்டுத் தனித்தனியே அருந்திப் பாருங்கள். எதைக் குடித்து முடித்த பிறகு இன்னும் சிறிது ஊற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பாட்டிலை நேராக நிறுத்தி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். பாட்டிலில் காற்று கூடும்போது புகை விரைந்து தணியும் என்பதால், மூன்றில் ஒரு பங்குக்கு வந்த பிறகு ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காமல் சில மாதங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தால், எஞ்சியதை அதே அளவுள்ள சிறு கண்ணாடி பாட்டிலுக்கு வாய்நிறைய மாற்றி இறுக மூடி வைக்கலாம்.